புதுப் பற்றறி, திருத்திய ஸ்ராட்டர், பிறகும் சோர்ந்து சுற்றும் எஞ்சின்: ஒரு நிகழ்வு ஆய்வு

"தம்பி, நிப்பாட்டவோ? நிப்பாட்டினா பிறகு எடுக்குமோ தெரியாது."

கொக்குவிலில் எங்கள் கராச் வாசலில் காரைக் கொண்டுவந்து விட்டபடி மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி இது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பழுது ஓட்டத்தில் இல்லை, எடுப்பதில்தான் என்பது அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிட்டது. "நிப்பாட்டுங்கோ மாஸ்டர், எடுக்காட்டி இஞ்சயே நிக்கட்டும்" என்றேன்.

கார் ரொயோட்டா கொறோலா 110. 1.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், மனுவல் கியர். மாஸ்டர் ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைநகரில் கடலுக்குக் கிட்ட வீடு. மனைவிக்கு மாதத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக். விடியவே புறப்பட்டு, பொன்னாலைப் பாலம் தாண்டி, சங்கானை, மானிப்பாய் வழியாக வருவார்கள். விடியற்காலையில் கார் ஒருமாதிரி எடுத்துவிடும். கிளினிக் முடிந்து மத்தியான வெயிலில் வந்து சாவியைத் திருப்பினால்தான் சிக்கல். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் முனகும், மூச்சு வாங்கும், பிறகு ஒரேயடியாக நின்றுவிடும். இரண்டு தடவை வீதியால் போனவர்களைக் கூப்பிட்டுத் தள்ளுவித்து எடுத்திருக்கிறார். நோயாளியை உள்ளே இருத்திக்கொண்டு காரைத் தள்ளுவது எவ்வளவு சங்கடம் என்று அவர் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

ஏற்கெனவே செய்த வேலைகள்

பழுது தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதம். முதலில் பற்றறியை மாற்றியிருக்கிறார். அது நான்கு வருடப் பழசு, எங்கள் வெயிலுக்கு அது நல்ல ஆயுள்தான், மாற்றியதில் பிழையில்லை. இரண்டு கிழமை நன்றாக எடுத்தது, பிறகு பழையபடி. கடைக்காரர் புதுப் பற்றறியையே சந்தேகப்பட்டு, உத்தரவாதத்தில் இன்னொன்று கொடுத்தார். மறுபடியும் சில நாள் சரி, பிறகு பழையபடி. அடுத்ததாக வேறொரு இடத்தில், எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டரான ஸ்ராட்டரைக் கழற்றி, கார்பன் பிறஸ், புஷ் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு கிழமை நல்ல எடுப்பு. பிறகு அதே முனகல்.

"இனி எஞ்சினைத்தான் இறக்க வேணும் எண்டு சொல்லினம் தம்பி. பென்சன் காசில எத்தினையெண்டு செய்யிறது?"

நான் அவரிடம் ஒன்று மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன்: எப்போதெல்லாம் நன்றாக எடுத்தது? பழுதை விசாரிக்கும்போது எல்லோரும் எப்போது எடுக்கவில்லை என்றுதான் கேட்கிறோம். எப்போது நன்றாக இருந்தது என்று கேட்டால் சில நேரம் அதுவே வழியைக் காட்டிவிடும். மாஸ்டருக்கு ஆசிரியர் ஞாபகம், திகதியோடு சொன்னார். பற்றறி மாற்றிய பிறகு, இரண்டாவது பற்றறி மாற்றிய பிறகு, ஸ்ராட்டர் திருத்திய பிறகு. மூன்று வேலையும் மூன்று விதம். ஆனால் மூன்றுக்கும் பற்றறியின் ரேர்மினல் கிளிப்பைக் கழற்றித் திரும்பப் பூட்டியே ஆகவேண்டும். ஸ்ராட்டரைக் கழற்றுவதற்கும் முதலில் நெகற்றிவ் கிளிப்பைத்தான் எடுப்போம். அப்படியானால் அந்த வேலைகள் காரைச் சுகப்படுத்தவில்லை, கிளிப்பை அசைத்ததுதான் சில நாளுக்கு சுகம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்திலேயே என் சந்தேகம் வயர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு நட்டைக்கூடக் கழற்றக் கூடாது. கழற்றினால் பழுது ஒளிந்துகொள்ளும், மாஸ்டர் நல்ல எடுப்போடு வீட்டுக்குப் போய் இரண்டு கிழமையில் திரும்பி வருவார். அதனால் கராச்சில் உதவிக்கு நிற்கும் பெடியனிடம், "ஒண்டையும் தொடாத, மீற்றரை மட்டும் எடுத்துக்கொண்டு வா" என்றேன்.

காதால் ஒரு கணக்கு

மீற்றர் வைக்குமுன் ஒரு சின்ன வேலை. தொலைபேசியில் ஸ்ராட் அடிக்கும் சத்தத்தைப் பதிந்தேன். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை காற்றை அமுக்கும். அந்த இரண்டும் "உவ், உவ்" என்று காதில் விழும். ஒரு செக்கனில் எத்தனை முனகல் என்று எண்ணி முப்பதால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். மாஸ்டரின் காரில் செக்கனுக்கு மூன்று. அதாவது 90 சுற்று. நல்ல காரில் ஆறு, ஏழு முனகல் கேட்கவேண்டும், 200 சுற்றுக்குக் கிட்ட. "மெல்லச் சுற்றுது" என்று வாயால் சொல்வதற்கும் 90 என்று எழுதிவைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. திருத்திய பிறகு எவ்வளவு தேறியது என்று காட்ட இந்த எண் வேண்டும்.

பதியும்போது எஞ்சின் எடுத்துவிடாமல் இருக்க, எஞ்சின் பக்கப் பெட்டியில் ஈ.எஃப்.ஐ என்று எழுதிய பியூஸைக் கழற்றிவிட்டேன். அதோடு எரிபொருளும் நிற்கும், பொறியும் நிற்கும். கியர் நியூற்றலில், கைப்பிறேக் இழுத்தபடி. ஒரு தடவைக்கு ஐந்து செக்கனுக்கு மேல் ஸ்ராட் அடிப்பதில்லை, இடையில் ஒரு நிமிடமாவது ஆறவிடுவோம்.

பியூஸைக் கழற்றியதால் இன்னொன்றும் தெளிவானது. சிலிண்டர்களுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டர் உள்ள எஞ்சினில் பொறி நேரத்துக்கு முந்தி விழுந்தால், மேலே வரும் பிஸ்டனை எரிவு எதிர்த்துத் தள்ளும். எஞ்சின் உதைத்து உதைத்துச் சுற்றும், சூடானபோது இன்னும் மோசமாகும். பார்க்கிறவருக்கு அது பற்றறி சோர்ந்ததுபோலவே தோன்றும். பொறியை நிறுத்தியவுடன் அது வேகமாகச் சுற்றினால் பழுது பொறி விழும் நேரத்தில்தான். இங்கே பொறி இல்லாமலும் அதே மூன்று முனகல். சரி, அந்தக் கதவு மூடியது.

இந்த உதைப்பை எனக்குக் காட்டித் தந்தவர் என் பழைய முதலாளி. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் அவருடைய கையில் வளர்ந்த வாகனங்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல், யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பெற்றோல் ஊற்றி எடுப்பார்கள். பற்றறிக்கும் தட்டுப்பாடு. சாய்வான ஒழுங்கை பார்த்துக் காரை நிறுத்துவதும், முன்னால் ஹான்டில் போட்டுச் சுழற்றுவதும் அன்றாடம். அந்தக் காலத்தில் சோர்ந்த ஸ்ராட்டை எவரும் புதுச் சாமான் வாங்கித் திருத்தவில்லை, வாங்க இருக்கவில்லை. எங்கே மின் வீணாகிறது என்று தேடித்தான் திருத்தினார்கள். எஞ்சினுக்கும் கார் பொடிக்கும் இடையில் போகும் செம்புப் பின்னல் பட்டியை முதலாளி மாதம் ஒரு தடவை கழற்றித் துடைப்பார். இன்றைக்கு நான் செய்வது அதே வேலைதான், கையில் மீற்றர் இருப்பது மட்டும் கூடுதல்.

மீற்றரில் விழுந்தவை

முதலில் பற்றறி ஓய்வில். பெரிய லைற்றை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளந்தேன். ஓடும்போது ஏறிய சார்ஜில் பற்றறித் தகடுகளின் மேற்பரப்பில் நிற்கும் பொய் வோல்ற் இறங்கவேண்டும், அதற்காக. 12.58 வோல்ற். முழுச் சார்ஜ் 12.6 முதல் 12.7 வரை, 12.2 என்றால் பாதி. ஆகவே இது நல்ல நிலை. எஞ்சின் ஓடும்போது 14.1, அல்ரனேற்றரிலும் குறையில்லை.

இதுவரை எல்லாக் கராச்சிலும் பார்ப்பார்கள். இதோடு நிறுத்தினால் ஒன்றுமே தெரியாது. சும்மா நிற்கும் காரில் எல்லா வயரும் நல்ல வயர்தான். நூறு அம்பியர் பாயும்போதுதான் வயரின் குணம் வெளியே வரும். அதனால் இனி எல்லா அளவும் ஸ்ராட் அடிக்கும்போதே.

பெடியன் சாவியைத் திருப்பினான். பற்றறியின் இரண்டு ஈயக் குமிழிலும் மீற்றர் முனையை வைத்தபடி பார்த்தேன். 11.3 வோல்ற்.

இந்த எண்ணில் கொஞ்சம் நிற்கவேண்டும். பற்றறி சோர்ந்திருந்தால், ஸ்ராட் அடிக்கும்போது அது 9.6க்குக் கீழே விழும். இங்கே 11.3இல் அசையாமல் நிற்கிறது, எஞ்சினோ முனகுகிறது. பற்றறி கொடுக்கத் தயாராக இருக்கிறது, வாங்கவேண்டியவருக்கு அது போய்ச் சேரவில்லை. அந்த இரண்டாவது பற்றறி மாற்றத்தின்போது எவராவது ஐந்து செக்கன் மீற்றரை இங்கே வைத்திருந்தால், மாஸ்டருக்கு அந்த அலைச்சலே இருந்திருக்காது.

அடுத்து கிளாம்ப் மீற்றர், நேர்மின்னோட்டம் அளக்கிற வகை. பற்றறியின் நெகற்றிவ் கிளிப்பிலிருந்து இரண்டு வயர் போகின்றன. தடித்தது ஸ்ராட்டர் பூட்டியிருக்கும் கியர்பொக்ஸுக்கு, மெல்லியது பொடிக்கு. இரண்டையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டு அளந்தால் 95 அம்பியர். இந்தப் பருமன் எஞ்சினை நல்ல ஸ்ராட்டர் சுற்றும்போது நான் வழக்கமாகக் காண்பது 110 முதல் 130 வரை. எஞ்சின் உள்ளே இறுகியிருந்தாலோ, ஸ்ராட்டருக்குள் சுழலும் ஆமேச்சர் உரசினாலோ, ஏ.சி. கொம்பிரசர் பிடித்திருந்தாலோ அம்பியர் ஏறும், 200ஐயும் தாண்டும், பற்றறியின் வோல்ற்றைக் கீழே இழுக்கும். மெல்லச் சுற்றி, அம்பியரும் குறைந்திருந்தால் வழியில் தடை இருக்கிறது. எஞ்சினை இறக்கும் பேச்சு அந்த நிமிடத்தோடு முடிந்தது. என்றாலும் மாஸ்டரின் மனம் ஆறட்டும் என்று பெல்ற்றைக் கழற்றி, பெல்ற் ஓடும் முன் புளிச் சில்லில் ஸ்பனர் போட்டு எஞ்சினைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் காட்டினேன். இதமாகச் சுற்றியது.

பிறகு தடித்த வயரை மட்டும் வளையத்துக்குள் விட்டு அளந்தேன். 60. மெல்லியதில் 35.

பெடியனுக்கு விளங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் திக்கென்றது. அந்த மெல்லிய வயர் லைற்றுக்கும் ஹோர்னுக்கும் ஆனது. ஸ்ராட்டரின் மின் தடித்த வயரால் நேரே பற்றறிக்குத் திரும்பாமல், பொடியால் சுற்றிப் பின்வழியாக வந்துகொண்டிருக்கிறது. நேர்வழி அடைபட்டால்தான் அப்படி வரும்.

"மாஸ்டர், அக்சிலரேற்றர் மிதிக்க இறுக்கமா இருக்கோ?"

"ஓம் தம்பி, ரெண்டு மாசமா கொஞ்சம் பிடிக்குது. அது வேற பிரச்சினை எண்டு நினைச்சன்."

வேறு பிரச்சினை இல்லை. மின் பற்றறிக்குத் திரும்பும் வழியை எர்த் என்போம். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் இருக்கும் சின்ன எர்த் பட்டி முக்கால்வாசி அறுந்து தொங்கியது. அதனால் எஞ்சினிலிருந்து மின் பொடிக்குப் போக, அக்சிலரேற்றர் கேபிளின் இரும்பு உறையையும் பிடித்திருக்கிறது. ஐந்து செக்கன் ஸ்ராட் அடித்துவிட்டு அந்தக் கேபிளைத் தொட்டேன். இளஞ்சூடு. தாங்கியில் பூட்டியிருக்கும் இடத்தில் அதன் பிளாஸ்ரிக் மேலுறை வேர்த்ததுபோல மினுங்கி, ஒரு பக்கம் சுருங்கியிருந்தது. உள்ளே கம்பி வழுக்கும் குழாயும் கொஞ்சம் இளகியிருக்கவேண்டும், அதுதான் மிதிக்கும்போது பிடித்தது. இதை அப்படியே விட்டிருந்தால் ஒருநாள் ஓட்டத்தில் அக்சிலரேற்றர் சிக்கியிருக்கும், பொன்னாலைப் பாலத்தில் என்றால் இரண்டு பக்கமும் தண்ணீர். மெல்லச் சுற்றும் எஞ்சினைச் சின்னப் பழுதென்று தள்ளிப்போடவேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

எங்கே எவ்வளவு வீணாகிறது

இப்போது கணக்கை முடிக்கவேண்டும். ஸ்ராட்டரின் தடித்த போல்ற்றில் ஒரு முனை, ஸ்ராட்டரின் உடலில் மறுமுனை, ஸ்ராட் அடித்தால் 8.4 வோல்ற். பற்றறி 11.3 கொடுக்கிறது, ஸ்ராட்டருக்கு 8.4 சேருகிறது. வழியில் 2.9 வோல்ற் காணாமல் போகிறது.

பொசிற்றிவ் பக்கம்: பற்றறியின் குமிழிலிருந்து ஸ்ராட்டரின் போல்ற் வரை 0.4. அரை வோல்ற்றுக்குள் இருந்தால் பழைய காருக்குப் பரவாயில்லை. எர்த் பக்கம்: பற்றறியின் நெகற்றிவ் குமிழிலிருந்து ஸ்ராட்டரின் உடல்வரை 2.5. இந்தப் பக்கம் 0.2க்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டு மடங்கு!

மீற்றர் முனையை ஒவ்வொரு படியாக நகர்த்தினேன். குமிழுக்கும் கிளிப்புக்கும் இடையில் 0.03. கியர்பொக்ஸில் வயரின் காதுக்கும், அதாவது நுனியில் பூட்டும் உலோக வளையத்துக்கும், கியர்பொக்ஸ் உடலுக்கும் இடையில் 0.12. கியர்பொக்ஸுக்கும் ஸ்ராட்டருக்கும் இடையில் 0.05. மிச்சம் 2.3 வோல்ற், கிளிப்பிலிருந்து கியர்பொக்ஸ் காதுவரை, அந்த ஒற்றை வயருக்குள். வெளியே பார்த்தால் அது கறுப்பு இன்சுலேசன் ரேப் சுற்றிய, ஆரோக்கியமான தடித்த வயர்.

2.3 வோல்ற்றை 60 அம்பியரால் வகுத்தால் 0.038 ஓம். ஒரு ஓமின் இருபத்தாறில் ஒரு பங்கு. சாதாரண மல்ரிமீற்றரை ஓமில் வைத்து இந்த வயரை அளந்தால் என்ன வரும்? மீற்றரின் இரண்டு வயரையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 காட்டும். அந்தக் கலக்கத்துக்குள் 0.038 எங்கே தெரியும்? முன்பு பார்த்தவரும் ஓமில் அளந்திருக்கிறார், "வயர் நல்லம்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரேயொரு இழை மிச்சம் இருந்தாலும் ஓம் மீற்றர் நல்லம் என்றுதான் காட்டும். நானும் ஒரு காலத்தில் அதை நம்பி, ஒரு ஹயேஸ் டொல்பின் வானுக்கு ஸ்ராட்டரையே மாற்றினேன். பழுது வயரில்தான் இருந்தது. அந்த ஓட்டுநரின் காசு வீணாய்ப் போனது இன்னும் என் மனதை உறுத்துகிறது. அதற்குப் பிறகுதான் ஸ்ராட் அடித்தபடி வோல்ற் இறக்கம் பார்க்காமல் எந்தச் சாமானையும் கழற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானத்தில் மோசமாக இருந்ததற்கும் விளக்கம் உண்டு. செம்பு சூடேறினால் அதன் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். எஞ்சின் பக்கம் நாற்பது பாகை ஏறினால் 16 சதவீதம். ஸ்ராட்டருக்குள் இருக்கும் சுருளுக்கும் அதே கணக்கு. விடியற்காலையில் மட்டுமட்டாகப் போதுமாக இருந்த மின், ஓடி வந்த சூட்டில் போதாமல் போகிறது. வெளிநாட்டுப் புத்தகங்கள் சோர்ந்த ஸ்ராட்டுக்குக் குளிரைக் காரணம் சொல்லும், ஒயில் தடித்துவிடும், பற்றறி உறைந்துவிடும் என்று. இங்கே தைப் பனியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எங்களுக்குச் சூடும் உப்பும்தான் எதிரி.

இன்னும் ஒரு சோதனை செய்தேன், மாஸ்டர் கண்ணால் காணவேண்டும் என்பதற்காக. ஜம்பர் வயரின் கறுப்பை எடுத்து, ஒரு நுனியைப் பற்றறியின் நெகற்றிவ் குமிழிலும் மறுநுனியை எஞ்சினைத் தூக்குவதற்கு வைத்திருக்கும் இரும்புக் கொழுக்கியிலும் பிடித்துக் கொளுவினேன். பெடியன் சாவியைத் திருப்பினான். எஞ்சின் பாய்ந்து சுற்றியது. அவன் பயந்து கையை எடுத்துவிட்டான். மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை, கிட்ட வந்து அந்தக் கறுப்பு வயரையே பார்த்துக்கொண்டு நின்றார். மீற்றர் இல்லாதவர்களும் வீட்டில் செய்யக்கூடிய சோதனை இது. கொழுக்கி அடிபடாத, பெயின்ற் இல்லாத இரும்பாக இருக்கவேண்டும், பெல்ற்றுக்கும் விசிறிக்கும் வயர் எட்டக் கூடாது, பொசிற்றிவ் பக்கம் தவறியும் தொடக் கூடாது.

ரேப்புக்குள் இருந்தது

இப்போதுதான் கழற்றினோம். ரேப்பை உரிக்க உரிக்க, வெந்த ரப்பரும் புளிப்பும் கலந்த ஒரு மணம். எப்போதோ பழைய கிளிப் உடைந்திருக்கிறது. யாரோ வயரை வெட்டி, கடையில் விற்கும் பொதுக் கிளிப் ஒன்றின் இரண்டு போல்ற்றுக்கு அடியில் வெறும் செம்பு இழைகளை வைத்து நெரித்துப் பூட்டி, மேலே ரேப் சுற்றியிருக்கிறார்கள். அவசரத்துக்கு நாங்களும் செய்கிற வேலைதான். ஆனால் பற்றறியின் அமிலக் கசிவும் கடற்காற்றின் உப்பும் அந்தத் திறந்த இழைக்குள் போய்விட்டன. ரேப் அவற்றை உள்ளேயே அடைத்து வைத்துவிட்டது. கறுப்பு உறையைக் கத்தியால் பிளந்தேன். முதல் அங்குலத்தில் பச்சைக் களிம்பு, மாவாக உதிர்ந்தது. அதற்கு உள்ளே செம்பின் நிறமே இல்லை, கறுத்து, விரலால் தட்டினால் முறியும் இழைகள். பளபளக்கும் செம்பு வர ஒரு சாண் உள்ளே போகவேண்டியிருந்தது. அந்தச் சாண் நீளத்தில் முறியாமல் இருந்த இழைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கிளிப்பைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தடவையும் முறிந்த இழைகள் ஒன்றையொன்று புதிதாகத் தொட்டிருக்கின்றன. அதுதான் மாஸ்டருக்குக் கிடைத்த இரண்டு கிழமை.

பொன்னாலையால் தினமும் போய்வரும் வாகனங்களில் இதை நான் அடிக்கடி காண்கிறேன். கச்சான் காற்றுக் காலத்தில் கடல் நீர்த்தூறல் பொனற்றுக்கு அடியில்கூட வெள்ளையாகப் படிந்திருக்கும். வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கம் பண்ணைப் பாலத்தால் வருகிறவர்களுக்கும் அதேதான். இரும்பில் கறள் வெளியே தெரியும். செம்பில் களிம்பு உறைக்குள் ஒளிந்திருக்கும்.

புது வயருக்கு 35 சதுர மில்லிமீற்றர் செம்பு எடுத்தேன். வெல்டிங் வயர் போல மெல்லிய இழைகள் நிறைய உள்ளது, எஞ்சின் ஆடும்போது முறியாது. இரண்டு நுனிக்கும் வெள்ளீயம் பூசிய காது, அழுத்தும் கருவியால் நெரித்துப் பூட்டியது. ஈயம் உருக்கி ஊற்றவில்லை. ஈயம் இழைகளுக்குள் ஊறிப்போன இடம் விறைத்துவிடும், அந்த விளிம்பில்தான் பிறகு முறியும். காதின் மேல் சூட்டில் சுருங்கும் உறை, உள்ளே பசை உள்ள வகை. கியர்பொக்ஸில் பூட்டும் இடத்தை வயர் பிறஷால் வெள்ளியாக மினுங்கும்வரை உரஞ்சி, பூட்டி இறுக்கிய பிறகு மேலே வஸ்லின் பூசினேன். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் அறுந்த பட்டிக்குப் பதிலாகப் புதியது. அக்சிலரேற்றர் கேபிளையும் மாற்றினோம். அதற்கு மறுபேச்சு இல்லை.

திருத்திய பிறகு

எல்லாச் சோதனையையும் அதே ஒழுங்கில் திரும்பச் செய்தேன். கிளாம்ப் மீற்றரில் மொத்தம் 118 அம்பியர், கிட்டத்தட்ட முழுவதும் தடித்த வயரால். எர்த் பக்க இறக்கம் 0.15. பொசிற்றிவ் பக்கம் 0.45. ஸ்ராட்டருக்குச் சேர்ந்தது 10.3 வோல்ற். தொலைபேசியில் பதிந்து எண்ணினால் செக்கனுக்கு ஏழு முனகல், அதாவது 210 சுற்று. பியூஸைப் பூட்டிச் சாவியைத் திருப்பினால் இரண்டாவது முனகலுக்கு முன்பே எடுத்துவிட்டது.

மாஸ்டர் மீற்றரை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றவர், ஒரு கேள்வி கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி. "தம்பி, முந்தி பற்றறி 11.3 எண்டனீர். இப்ப 10.9 காட்டுது. திருத்தினா கூட வேணுமே, ஏன் குறைஞ்சது?"

முன்பு வழி அடைபட்டிருந்தது, பற்றறியால் கொடுக்க முடியாமல் அது சும்மா நின்றது, அதனால் வோல்ற் இறங்கவில்லை என்றேன். இப்போது வழி திறந்திருக்கிறது, கேட்ட அளவு கொடுக்கிறது, கொடுக்கும்போது கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். வாய்க்கால் அடைத்திருந்தால் தொட்டி நிறைந்து நிற்கும், கடைசிப் பாத்தி காய்ந்து கிடக்கும். மாஸ்டர் சிரித்தார். "இதை ஓ.எல். பெடியளுக்கு ஓமின் விதியெண்டு எத்தினை வருசம் படிப்பிச்சனான்" என்றார். அப்போதுதான் அவர் விஞ்ஞான ஆசிரியர் என்று எனக்குத் தெரிந்தது.

பழைய வயரை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பிளந்த பக்கம் தெரியும்படி கடதாசியில் சுற்றி முன் இருக்கையில் வைத்தார். முன்பு ஸ்ராட்டர் திருத்திய இடத்தில் காட்டப்போவதாகச் சொன்னார், சண்டைக்கு இல்லை, அடுத்த ஆளுக்கு உதவும் என்று.

பொசிற்றிவ் வயரில் 0.45 இறங்குகிறது, அதுவும் அதே வயதுதான், அடுத்த முறை மாற்றுவோம் என்று சொல்லிவிட்டிருந்தேன். இரண்டரை மாதம் கழித்து கிளினிக் முடிந்து மத்தியானத்தில் நேரே கராச்சுக்கு வந்தார்கள். சூடான எஞ்சினிலேயே அளந்தேன். எர்த் பக்கம் 0.16. பொசிற்றிவ் பக்கம் 0.55 ஆகியிருந்தது. அன்றைக்கே அதையும் மாற்றினோம். வேலை முடியும்வரை மாஸ்டரின் மனைவி கராச் வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்தார். சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் எடுத்த சத்தம் கேட்டு எழும்பி, பையை எடுத்துக்கொண்டு காருக்கு வந்தார்.